மலைமேல் புரதக் கணக்கு: நீலகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கீழ்நாட்டிலிருந்து ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, "இங்கே பருப்பு ஏன் வேகவே மாட்டேங்குது?" என்பது. இது சமையல் கேள்வி மட்டும் இல்லை. அரைவேக்காட்டுப் பருப்பு குழந்தைக்கு வயிற்றைப் பிடிக்கும், வயதானவர்களால் மெல்ல முடியாது, கேஸும் தீரும். நாளடைவில் பருப்பின் அளவு கைதவறிக் குறைந்து, தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் ரசமும் மிஞ்சும். புரதம் குறைவது அப்படித்தான்.

அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்: ஒருவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும், எந்தப் பொருளிலிருந்து எடுப்பது என்பது ஒன்று, அந்தப் பொருளை இந்த உயரத்தில் எப்படிப் பதமாக வேகவைப்பது என்பது இன்னொன்று. வாங்க வேண்டியது கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றுதான்.

முதலில் உங்கள் அளவு

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் பரிந்துரைத்த அளவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். எடை மிக அதிகமாக இருப்பவர்கள் இப்போதைய எடையால் பெருக்க வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுதும் கொழுந்து பறிப்பவருக்கும் மேஜை வேலை பார்ப்பவருக்கும் இந்தப் புரத அளவு ஒன்றுதான். உழைப்பு கூடும்போது கூட வேண்டியது முக்கியமாகச் சக்தி, அதாவது கலோரி. ஆனால் சாப்பாடே போதாமல் போனால், தின்ற புரதத்தையும் உடம்பு எரிபொருளாக எரித்துவிடும். வயிறு நிறையச் சாப்பிடாதவருக்குத் தனியாகப் புரதம் கொடுத்துப் பயனில்லை. குளிர் அதிகம் என்பதற்காகவும் புரத அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

நீலகிரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்தத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது குன்னூரில். 1918-ல் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி (பி1 விட்டமின் இல்லாமல் வரும் நோய்) ஆய்வுதான் அதன் முதல் வடிவம். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவர் தனித்தனியாக எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பயறு, காய்கறி அடங்கிய வடக்கத்தி உணவில் எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பெரும்பங்காக இருந்த நம் சென்னை மாகாணத்து உணவில் வளர்ச்சி மிகக் குன்றியது. அவருக்குப் பின் வந்த ஏக்ராய்ட் இந்திய உணவுப் பொருட்களின் சத்து மதிப்பைப் பட்டியலாக்கி 1937-ல் குன்னூரிலிருந்தே வெளியிட்டார். ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று நாம் "துவரம்பருப்பில் இவ்வளவு புரதம்" என்று பார்க்கிற அட்டவணைகளின் வேர் இந்த மலையில்தான் இருக்கிறது.

ஒன்பது அமினோ அமிலங்கள், அவற்றில் ஒன்றின் மேல் கண்

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. செரிக்கும்போது சங்கிலி அறுந்து தனித்தனி அமிலங்களாகி ரத்தத்தில் சேர்கிறது. உடம்பு அவற்றை எடுத்துத் தசை, ரத்தம், தோல், நொதி என்று தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்கிறது. இருபதில் ஒன்பதை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும்: ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், ட்ரிப்டோபான், வாலின்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். லைசினையும் மெத்தியோனினையும் மட்டும் நினைவில் வையுங்கள். அரிசி, கோதுமை, ராகி ஆகிய தானியங்களில் லைசின் குறைவு. பருப்பு, பயறு, அவரை வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். பத்துச் சட்டைக்குத் துணி வைத்திருக்கும் தையல்காரரிடம் ஆறு சட்டைக்குத்தான் பொத்தான் இருக்கிறது என்றால் முடியப்போவது ஆறு சட்டைதான். சோறு மட்டும் சாப்பிடுபவருக்கு அந்தப் பொத்தான் லைசின். மீந்துபோகும் மற்ற அமிலங்களை உடம்பு சேமித்து வைக்காது. அவற்றில் உள்ள நைட்ரஜன் கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

கணக்காகவே பார்ப்போம். பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 55 கிலோ பெண்ணுக்கு 1,650 மில்லிகிராம். 300 கிராம் அரிசியில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கிராம் அரிசிப் புரதத்தில் லைசின் ஏறக்குறைய 37 மில்லிகிராம். செரிமானத்தில் கழிவதை விட்டால் கைக்குக் கிடைப்பது 750. தேவையில் பாதிகூட இல்லை. அதோடு 80 கிராம் பருப்பு சேர்த்தால் இன்னொரு 970 கிடைத்து 1,700-ஐத் தாண்டும். பருப்பு 60 கிராம்தான் முடியும் என்றால், கூட ஒரு பெரிய டம்ளர் பால், 250 மில்லி, அந்தக் குறையை நிரப்பிவிடும். தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு, பால் இரண்டரைப் பங்கு என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கலவைக்கு அடிப்படை இதுதான்.

இரண்டையும் ஒரே வாயில் சாப்பிட்டாக வேண்டும் என்பதில்லை. காலையில் சுண்டல், மதியம் சோறு என்றாலும் அன்றைய நாளுக்குள் கணக்கு சரியாகிவிடும்.

ஒரு நாள் தட்டைத் தராசில் வையுங்கள்

அடுத்த வேலை, இப்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்வது. ஒரு சாதாரண வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள்; விசேஷ நாளோ ஞாயிற்றுக்கிழமையோ வேண்டாம். அரிசி, பருப்பு எல்லாவற்றையும் சமைக்கும் முன்பே, உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதுங்கள். வெந்தபின் நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுத்ததாகிவிடும். 25 கிராம் பருப்பு வெந்தால் கெட்டியாகக் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, சாம்பாரில் கரைத்தால் ஒரு சொம்பு.

100 கிராமில் உள்ள புரதம், நினைவில் வைக்கத்தக்க முழு எண்களில்: அரிசி 8, ராகி 7, கோதுமை மாவு 10 முதல் 11, துவரம்பருப்பு 22, பாசிப்பருப்பு 24, உளுந்து 23, கொள்ளு 22, ராஜ்மா 20, கொண்டைக்கடலை 19, நிலக்கடலை 24, மீல்மேக்கர் 50-க்கு மேல், பன்னீர் 19, பசும்பால் 3. முட்டை ஒன்றில் 6 முதல் 6.5. உருளைக்கிழங்கில் ஒன்றரைதான். ஊட்டி காளானில் 3 முதல் 4; கறிக்குப் பதில் காளான் என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ருசிக்குச் சாப்பிடலாம், புரதக் கணக்கில் அது காய்கறிதான்.

தோட்ட வேலைக்குப் போகும் 55 கிலோ பெண் ஒருவரின் நாளை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். காலையில் பால் டீ, ஒன்றரை கிராம். இரண்டு வர்க்கி, மைதாவும் கொழுப்பும்தான் அதில் பெரும்பங்கு, 2 கிராம். மூன்று தோசை, 60 கிராம் அரிசியும் 15 கிராம் உளுந்தும் என்று வைத்தால் 8. மதியம் 120 கிராம் அரிசிச் சோறு, ஒன்பதரை. உருளைக்கிழங்குப் பொரியல், ஒன்றரை. இரவு 100 கிராம் அரிசிச் சோறு, 8. இரண்டு வேளைக்கும் சாம்பார். அந்தச் சாம்பாரில்தான் ஏமாற்றம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் மொத்தப் புரதம் 22 கிராம், தலைக்கு ஐந்தரை, இரண்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு மூன்று கிராமுக்கும் கீழே. எல்லாம் கூட்டினால் 36 கிராம். பத்து கிராம் பற்றவில்லை. வந்த 36-லும் மூன்றில் இரண்டு பங்கு அரிசியும் மைதாவும், லைசின் குறைந்த புரதம்.

"தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்ற பதிலில் பெரும்பாலும் இந்தப் பத்து கிராம்தான் மறைந்திருக்கும். சாம்பார் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்; அதில் தலைக்கு எத்தனை கிராம் பருப்பு என்று கேளுங்கள்.

பத்து கிராமை எங்கே சேர்ப்பது

தலைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த எடையில் 60 முதல் 80 கிராம் பருப்பு பயறு என்று இலக்கு வையுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்குக் கூடுதலாக 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் (5.6 கிராம்) ஒரு முட்டையும் கிடைத்தால் குறை தீர்ந்தது. முட்டை சாப்பிடாதவருக்குச் சுண்டலை 40 கிராமாக்கி, இரவில் ஒரு டம்ளர் மோரோ பாலோ சேர்க்கலாம். மோர் நீர்த்திருந்தால் கணக்கில் வராது, தயிராகச் சாப்பிடுவது மேல். பத்து மணி டீயோடு போகும் வர்க்கிக்குப் பதில் ஒரு கைப்பிடி, 30 கிராம், வறுத்த நிலக்கடலை என்றால் அதிலேயே 7 கிராம். இந்த ஒரு மாற்றம்தான் செலவும் நேரமும் குறைந்தது, முதலில் இதைச் செய்யச் சொல்வேன்.

சாம்பார் வைக்கும் நாளில் பருப்பைக் கூட்டிக் கெட்டியாக வையுங்கள், அல்லது வெந்த பருப்பில் பாதியைத் தனியே எடுத்து நெய் விட்டுச் சோற்றில் பிசைந்து குழந்தைகளுக்குக் கொடுங்கள். படுகர் வீடுகளில் அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பை ராகிக் களியோடோ சோற்றோடோ சாப்பிடும் வழக்கம் மிகச் சரியான சேர்க்கை: ராகியின் லைசின் குறையை அவரை ஈடுகட்டுகிறது. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உண்மை. புரதம் அரிசியை விடக் கூடுதல் இல்லை. களி சாப்பிடுகிறோம் என்பதற்காகப் பருப்பைக் குறைக்கக் கூடாது.

உழவர் சந்தையில் பச்சையாக வரும் பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், பட்டாணி எல்லாம் இந்த மலையின் பெரிய வசதி. ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் வேகும். ஆனால் உரித்த பச்சைப் பட்டாணி 100 கிராமில் 7 கிராம்தான் புரதம், மீதிப் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய் வாங்கினால் உரித்தபின் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே மிஞ்சும். சீசனில் வாங்குங்கள், உலர்பயறுக்கு முழு மாற்றாக நம்பாதீர்கள்.

மலையில் ஏன் வேகவில்லை

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக்குச் சொன்னது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரி, கூடலூரில் 96-க்கு மேல், குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94 பக்கம், ஊட்டியில் 93-க்குச் சற்றுக் கீழே. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. ஆவியாகி வெளியே போவதுதான் கூடும். பருப்பு மென்மையாவது சூட்டைப் பொறுத்தது, தண்ணீர் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை.

குக்கரும் மலையில் முழு வேகத்தில் வேலை செய்யாது. வெயிட் கூட்டுகிற அழுத்தம் எங்கேயும் ஒன்றுதான். அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூட்டுகிறது. ஊட்டியில் அந்த அடிப்படை அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் கீழே 120 டிகிரி தொடும் குக்கர் இங்கே 116 பக்கம் நிற்கும். பொது விதி: 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் குக்கர் நேரத்தை 5 சதவீதம் கூட்டு. ஊட்டிக்குக் கால் பங்கு கூடுதல். கோயம்புத்தூரில் 12 நிமிடம் எடுத்த பருப்புக்கு இங்கே 15.

விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீயின் அளவு, பாத்திரம் நிறைந்திருக்கும் அளவு, கேஸ்கெட்டின் நிலை எல்லாவற்றையும் பொறுத்து விசில் மாறும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, கடிகாரம் பாருங்கள்.

துவரம்பருப்பு: கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் மூடி வையுங்கள். பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள், அரை ஸ்பூன் எண்ணெய். எண்ணெய் நுரையைக் கட்டுப்படுத்தி ஆவித்துளை அடைபடாமல் காக்கும். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் ஊட்டிக்கு 13 முதல் 15 நிமிடம், கூடலூருக்கு 11 முதல் 13. அடுப்பை அணைத்துத் தானாக ஆவி அடங்க விடுங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் பருப்பு வெந்துகொண்டே இருக்கும். வெயிட்டைத் தூக்கி ஆவியைத் திறந்துவிடுவது கேஸுக்கும் நஷ்டம், கைக்கும் ஆபத்து.

ராஜ்மா, மொச்சை, கொண்டைக்கடலை: கழுவிய பயறை மூன்று மடங்கு தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே ஹாட்பேக்கில் கொட்டி மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓரளவு ஊறிவிடும், இரண்டு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. டிசம்பர், ஜனவரியில் சமையலறைத் தண்ணீரே சில்லென்று இருப்பதால் இரவு முழுக்க ஊறினாலும் உள்ளே சுருக்கம் இருக்கும். சுடுதண்ணீர் முறைதான் இங்கே சரி. ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பார்கள்; வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க ஊற்றுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 25 முதல் 30 நிமிடம், ஆவி தானாக அடங்க வேண்டும்.

திறந்ததும் பாத்திரத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு பயறை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். தோலோடு சேர்ந்து மாவாக மசிய வேண்டும். பிளந்து பார்த்தால் நடுவில் வெள்ளையாக, மெழுகு போலப் பளபளக்கும் கரு இருக்கக் கூடாது. ஒன்றே ஒன்றில் அந்தக் கரு தெரிந்தாலும் மூடி இன்னும் பத்து நிமிடம். இந்தச் சோதனைக்குப் பிறகே தக்காளி, புளி. புளிப்பு முன்னால் சேர்ந்தால் பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையாமல் நின்றுவிடும், பிறகு மணிக்கணக்கில் வைத்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும்.

ராஜ்மாவில் இது பாதுகாப்பு விஷயமும்கூட. சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, பேதி வரும். கொதிநிலையே 93 டிகிரியாக இருக்கும் ஊரில் திறந்த பாத்திரத்தில் ராஜ்மா வைக்காதீர்கள், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் அறவே வேண்டாம். குக்கர்தான். உலர் சோயாவுக்கும் அதே விதி: அதில் உள்ள ஒரு பொருள் நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கிறது, முழுமையாக வெந்தால்தான் அது செயலிழக்கும். அரைவேக்காட்டுச் சோயாவில் எழுத்தளவில் புரதம் உண்டு, உடம்புக்குச் சேர்வது குறைவு.

எல்லாம் செய்தும் வேகவில்லை என்றால் பருப்பு பழையது. நாள்பட்ட பயறு உள்ளே இறுகிவிடும், எந்த வித்தையும் பலிக்காது. சமையல் சோடா போட்டால் இளகும், ஆனால் பி1 விட்டமினை அழிக்கும். அந்த விட்டமின் இல்லாமல் வருவதுதான் மெக்கரிசன் குன்னூரில் ஆராய்ந்த பெரிபெரி. பழைய பருப்பை இரவில் ஊறவைத்து அரைத்து அடையாக வார்த்துத் தீர்த்துவிட்டு, கடையை மாற்றுங்கள். குக்கர் ஓரத்தில் ஆவி கசிந்தாலும் வேகாது. கேஸ்கெட் விறைத்திருந்தால் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து மாட்டிப் பாருங்கள், அப்படியும் கசிந்தால் புதிது வாங்க வேண்டும்.

முளைப்பயறும் இட்லி மாவும்

குளிரில் பாசிப்பயறு முளைவிட இரண்டு மூன்று நாளாகும். ஊறிய பயறைத் துணியில் கட்டி ஹாட்பேக்கில் வைத்து, காலை மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். பிசுபிசுப்போ வாடையோ வந்தால் கொட்டிவிட வேண்டும். முளைத்ததும் பச்சையாகச் சாப்பிடாமல் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைப்பது நல்லது, முளைக்க ஏற்ற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை.

இட்லி மாவுக்கு அரிசி நான்குக்கு உளுந்து ஒன்று என்று எடையில் போடுபவர்கள் மூன்றுக்கு ஒன்று ஆக்கலாம். லைசின் கூடும், குளிரில் புளிப்பதும் எளிதாகும். அரைத்த மாவை அடுப்பு மேடையில், வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் மூடி வையுங்கள். கீழே எட்டு மணி நேரம் என்றால் இங்கே குளிர்காலத்தில் அதைப்போல இரு மடங்குகூட ஆகலாம்.

சத்துமாவு வீட்டில் திரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வறுக்கும் பதம். வாசனை வந்ததும் இறக்குங்கள். கருஞ்சிவப்பாக வறுத்தால் சர்க்கரையோடு வினைபுரிந்து முதலில் வீணாவது லைசின்தான். எதற்காகப் பயறு சேர்த்தோமோ அதுவே போய்விடும்.

முட்டை, கறி, ஆட்டுக்கால் சூப்

விலைக்குக் கிடைக்கும் புரதத்தில் முட்டை மிகத் தரமானது, ஒன்பது அமிலமும் போதுமான விகிதத்தில் இருக்கிறது. ஊட்டியில் கெட்டியாக வேக, தண்ணீர் கொதித்தபின் 13, 14 நிமிடம் விடுங்கள். பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிப்பதில் லாபம் எதுவும் இல்லை: வெந்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது, பச்சையில் பாதிதான்.

குளிருக்கு ஆட்டுக்கால் சூப் இதமானது. ஆனால் அதில் கரைந்திருப்பது கொலாஜன், அதாவது ஜெலட்டின். ட்ரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமிலம் அதில் இல்லவே இல்லை. நோயிலிருந்து எழுந்தவருக்குச் சூப்பை மட்டும் கொடுத்து "சத்து ஏறும்" என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் ஒரு முட்டையோ குழைந்த பருப்புச் சோறோ வேண்டும். கோழி, மீன் 100 கிராமில் 18 முதல் 22 கிராம் தரும், எலும்பும் முள்ளும் நீக்கிய எடையில். வாரம் ஒரு நாள் அரைக் கிலோ கறி எடுத்து நால்வர் சாப்பிடுவது அந்த நாளுக்கு நல்லது. மற்ற ஆறு நாளைக்கு அது பதில் சொல்லாது.

யாருக்குக் கணக்கு மாறும்

கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்பதரை கிராமும், ஏழாம் மாதத்திலிருந்து 22 கிராமும் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 17, அடுத்த ஆறு மாதம் 13. கடைசி மூன்று மாதத்தின் 22 கிராம் என்பது ஒரு முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால், கூடுதலாக 35 கிராம் பயறு. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளாமல் அவருக்கே விடுங்கள்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 12.5 கிராம், நான்கு முதல் ஆறு வரை 16, ஏழு முதல் ஒன்பது வரை 23. அளவு சிறியதுதான், வயிறும் சிறியது. தெளிந்த பருப்புத் தண்ணீரில் புரதம் மிகச் சொற்பம். அடியில் இருக்கும் கெட்டிப் பருப்பை எடுத்து மசித்துக் கொடுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது, மூன்று வேளைக்கும் பிரித்து. பல் இல்லாதவருக்குக் குழைந்த பாசிப்பருப்பு, முட்டைப் பொடிமாஸ், தயிர்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே உள்ள எந்த எண்ணையும் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால் அவர்களுக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கம், குழந்தை எடை ஏறாமல் நிற்பது, காரணமில்லாமல் மெலிவது இவற்றுக்கும் சமையலறையில் விடை தேட வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

டப்பாப் பவுடர்

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் கேட்பார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டுதல்கள், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் உள்ள மலிவுப் பொருளைக் கலந்தால் எண் ஏறிவிடும். 2008-ல் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் மெலமைன் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். புரதப் பவுடரில் கிளைசின், டாரின் போன்ற மலிவு அமிலங்களைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் அதே வழி. மூலப்பொருள் பட்டியலில் அவை தனியாக எழுதப்பட்டிருந்தால் டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

மாதச் சாமான்

ரேஷன் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு. நால்வர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பிரித்தால் தலைக்கு 8 கிராம் பருப்பு, 2 கிராமுக்கும் குறைவான புரதம். மீதியை வாங்கித்தான் ஆக வேண்டும். தலைக்கு 60 கிராம் என்ற இலக்குக்கு நால்வருக்கு மாதம் 7.2 கிலோ: ரேஷனையும் சேர்த்துத் துவரை 2 கிலோ, உளுந்து ஒன்றரை, கொண்டைக்கடலை 1, பாசிப்பயறு 1, ராஜ்மாவோ மொச்சையோ 1, நிலக்கடலை 700 கிராம். கொள்ளு பிடிக்கும் வீட்டில் மொச்சைக்குப் பதில் கொள்ளு.

மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். இந்த ஈரத்தில் நிலக்கடலையில் பூஞ்சை பிடிக்கும். நிறம் மாறிய, கசக்கிற கடலையை வறுத்தும் சாப்பிடக் கூடாது, பூஞ்சையின் நஞ்சு வறுத்தால் முழுதாகப் போகாது. வாங்கியதும் வெயில் அடிக்கும் நாளில் காயவைத்து, ஆறியபின் இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மாதக் கடைசியில் டப்பாக்களைத் தராசில் வையுங்கள். 7.2 கிலோ வாங்கிய வீட்டில் இரண்டு கிலோ மிஞ்சியிருந்தால், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 16, 17 கிராம் பருப்பு தட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதம் எந்த வேளையில் அதைச் சேர்ப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.